தகட்டுக்குள் அலை கண்ட தகப்பனில்லாப் பிள்ளை

பெரிய எண்ணெய்த் தொட்டி. சுற்றிலும் இரும்புத் தகடு. அதில் எங்கோ ஒரு கீறல். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தகட்டின் ஓர் ஓரத்தில் அலை ஒன்றைக் கிளப்பி விட்டால் போதும். அது ஓடிப்போய்க் கீறலில் முட்டித் திரும்பி வந்து, சேதி சொல்லிவிடும்!

அதற்கு "லாம்ப் அலை" என்று பெயர். அதைக் கணக்குப் போட்டுக் கண்டவர் ஹோரேஸ் லாம்ப்.

இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் 1849-ம் ஆண்டு லாம்ப் பிறந்தார். தகப்பனார் பஞ்சாலை மேஸ்திரி. பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். தாயாரின் சகோதரிதான் பையனை எடுத்து வளர்த்தார். கண்டிப்பானவர், ஆனாலும் அன்பானவர்.

17 வயதில், கிரேக்கமும் லத்தீனும் படிக்கக் கேம்பிரிட்ஜில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. லாம்ப் போகவில்லை. பக்கத்திலிருந்த மான்செஸ்டரில் கணிதம் படித்தார். அப்புறம்தான் கேம்பிரிட்ஜ் போனார். 1872-ல் கணிதப் பரீட்சையில் இரண்டாவதாகத் தேறி, டிரினிட்டி கல்லூரியில் பதவியும் பெற்றார்.

பதவியா? கல்யாணமா?

அந்தக் காலத்தில் அப்பதவியில் இருப்பவர் கல்யாணம் செய்துகொண்டால் பதவி போய்விடும். லாம்ப் எலிசபெத் என்ற பெண்ணை மணக்க விரும்பினார். பதவி பெரிதா, பெண் பெரிதா? 1875-ல் கல்யாணம் நடந்தது. தம்பதிகள் கப்பலேறி ஆஸ்திரேலியா போனார்கள். அடிலெய்டு சர்வகலாசாலையின் முதல் கணிதப் பேராசிரியர் லாம்ப்தான்.

தண்ணீர் ஓடும் விதத்தைக் கணக்கில் விளக்கி 1879-ல் ஒரு நூல் எழுதினார். அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1932-ல் ஆறாம் பதிப்பு வந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது!

1885-ல் மான்செஸ்டர் திரும்பினார். 1917-ல், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, தகட்டு அலையைப் பற்றி எழுதினார். இரு கரைக்கு நடுவே வாய்க்கால் தண்ணீர் போவது போல, தகட்டின் இரு முகங்களுக்கு நடுவே அலை ஓடும். ஒரு வகை அலையில் தகடு மூச்சு விடுவது போலப் பருத்து இளைக்கும். இன்னொரு வகையில் பாம்பு போல நெளியும்.

1931-ல் "சர்" பட்டம் பெற்ற லாம்ப், 1934-ல் கேம்பிரிட்ஜில் காலமானார். தகடுகளைச் சோதிக்க என்ஜினீயர்கள் அவர் கணக்கைக் கையில் எடுத்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான்.

தொடாமலே அதிர்ச்சி

பின்னால் வந்த மின்காந்தக் கருவி, தகட்டைத் தொடாமலே அலையைக் கிளப்புகிறது. ஒரு காந்தம், அதனடியில் கம்பிச் சுருள். சுருளில் ஓடும் மின்சாரம் வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை திசை மாறும். அதனால் தகட்டிலும் மின்சாரம் சுழலும். காந்தம் அதைப் பிடித்து உலுக்க, தகடே அதிரும். எண்ணெய், பசை எதுவும் தடவ வேண்டாம். கை வைக்க முடியாத சூட்டிலும் வேலை நடக்கும்.

அந்தச் சுருளில் கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி விடுவது? கண்டபடி விட்டால் வேண்டிய அலை வராது. தகட்டின் கனத்தைப் பார்த்து, லாம்ப் போட்ட கணக்கை எடுத்துத்தான் அதைத் தீர்மானிக்கிறார்கள்.