டொரிங்டன் பிரபுவின் கேடயம்

கொழும்பு–கண்டி வீதி எங்கள் மாவனல்லையில் மா ஓயாவைக் கடந்துதான் மலையேறுகிறது. அந்த வீதியோரத்தில் வாழும் எனக்கு, வீதி வரி விதித்த தேசாதிபதி டொரிங்டன் பிரபுவைப் பாடசாலைக் காலத்திலிருந்தே தெரியும். அவரது பட்டத்தின் கதையைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

ஜோர்ஜ் பிங் என்ற கடற்படைத் தளபதிக்கு 1721இல் பிரித்தானிய முடி வழங்கிய பட்டம் அது. குடும்பக் கேடயம் கறுப்பும் வெள்ளியுமாக நான்கு கூறுகள் கொண்டது. முதற்கூற்றில் எழுந்து நிற்கும் வெள்ளிச் சிங்கம். அதற்குரிய இலத்தீன் மகுடச் சொல்லின் பொருள், பாதுகாப்பேன் என்பது. அவருடைய மகன் ஜோன் பிங்கும் கடற்படைத் தளபதியே. மினோர்க்கா தீவைக் காக்க முழுமூச்சாக முயலவில்லை என்று தீர்ப்பளித்து 1757இல் அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

அந்த வம்சத்தில் 1812இல் பிறந்தவர்தான் நம் டொரிங்டன். 1831இல் ஏழாவது பிரபுவானார். 1847இல், 34 வயதில், இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்தார். அப்போதைய பிரதமர் ஜோன் ரசலின் தாயார் பிங் குடும்பத்துப் பெண்.

அது கோப்பி விலை வீழ்ந்திருந்த காலம். திறைசேரியை நிரப்பத் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி வந்தது. ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றும் சட்டம் வந்தது. 1848 ஜூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் சிங்களக் கிராமத்தவர்கள் கிளர்ந்தெழுந்தனர். டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே மாதம் குடாபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டார். மக்களின் உடைமைகள் பறிமுதலாயின.

இலண்டனில் நாடாளுமன்ற விசாரணைக் குழு அமைந்தது. டொரிங்டன் 1850இல் பதவி விலகினார். அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. பட்டமும் கேடயமும் அவரிடமே இருந்தன. பின்னர் விக்டோரியா அரசியின் அரண்மனையில் பணிபுரிந்து 1884இல் இறந்தார்.

முடிக்குரிய தீவொன்றைக் காக்கத் தவறிய பிங் உயிரை இழந்தார். தம் பாதுகாப்பில் இருந்த தீவின் மக்களைக் கொல்ல அதிகாரம் கொடுத்த பிங் பதவியை மட்டும் இழந்தார். பாதுகாப்பேன் என்ற சொல் யாருக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு என்பது இதில் தெளிவாகிறது. போரில் உறவுகளைத் தொலைத்துவிட்டு, ஆணைக்குழு ஆணைக்குழுவாகப் படியேறியவர்கள் நம்மில் ஏராளம். விசாரணை நடந்தது என்பதும் நீதி கிடைத்தது என்பதும் ஒன்றல்ல என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டிக் கிராமங்கள் அதை 1850இலேயே கண்டுவிட்டன.