கண்ணாடிக்குள் கடல்: எட்கர் தர்ஸ்டன் வரலாறு

எட்கர் தர்ஸ்டன் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவு வருவது ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் ஏழு தொகுதி நூலே. குலவரலாறு தொகுத்த பேரறிஞர் என்று அவரைப் போற்றுவாரும் உண்டு. மனிதரின் மண்டையை அளந்த ஆங்கிலேயர் என்று தூற்றுவாரும் உண்டு. விலங்கியல் பயிலும் எனக்கு அவர் அறிமுகமானது பவளப் பாறைகளின் வழியாக. ஆதலின் அவ்வழியே அவர் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன்.

1855-இல் பிறந்த தர்ஸ்டன் இலண்டனில் மருத்துவம் கற்றவர். 1885-இல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையின் தலைவராகப் பொறுப்பேற்றார். வந்த சில ஆண்டுகளிலேயே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது மன்னார் வளைகுடா. முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் ஆராய்ந்தார். இராமேசுவரம் தீவைச் சுற்றியுள்ள கடலுயிர்களைப் பட்டியலிட்டார். 1887, 1890, 1895 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நூல்கள் நம் கடலை அறிய விரும்புவோர்க்கு இன்றும் பயன்படுவன.

ஆனால் ஒன்று கருதத்தக்கது. பவளம் என்பது எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. நீரைவிட்டு எடுத்தவுடன் அவ்வுயிர்கள் மாள்கின்றன, நிறம் போகிறது, வெண்மையான சுண்ணாம்புக் கூடு எஞ்சுகிறது. பொருட்காட்சிச்சாலையின் அலமாரிக்கு வந்து சேர்வது அந்தக் கூடுதான்.

பின்னர் தர்ஸ்டன் மக்களை அளக்கப் புறப்பட்டார். நான் பிறந்து வளர்ந்த போனக்காடு, திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர் மலையடிவாரத்தில் உள்ள தேயிலைத் தோட்டம். எம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்து லயங்களிற் குடியேறியவர்கள். எங்களைச் சூழ்ந்த காட்டுக்கு உரியவர்களோ காணிக்காரர்கள். அவர்களுடைய உயரத்தையும் மூக்கின் நீள அகலத்தையும் தர்ஸ்டன் அளந்து எழுதி வைத்தார். வயநாட்டில் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் சிறந்தவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னைக் காட்சிச்சாலையில் நிறுத்தப் போகிறார் என்று அஞ்சினார்களாம். இதை அவரே வேடிக்கைபோல் எழுதியுள்ளார். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அளக்கப்படுபவர் அளப்பவரைப் பற்றிக் கூறிய தீர்ப்பாகவே தோன்றுகிறது. மூக்கின் அளவைக் கொண்டு ஒரு குலத்தின் உயர்வு தாழ்வை அறியலாம் என்ற கொள்கையை இன்றைய அறிவியல் அடியோடு தள்ளிவிட்டது.

அவருடைய வேறொரு செயலை நாம் மறந்துவிட்டோம். உயிரோடு நீந்தும் கடலுயிர்களைப் பொதுமக்கள் காண வேண்டும் என்று சென்னைக் கடற்கரையில் ஒரு மீன் காட்சிச்சாலைக்குத் திட்டம் வகுத்தவர் அவரே. 1908-இல் அவர் ஓய்வு பெற்றார். 1909 அக்டோபரில் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. 1919-இல் மீன்வளத் துறையிடம் ஒப்படைக்கப்பட்ட அது இரண்டாம் உலகப்போரின் போது மூடப்பட்டது.

உயிரைத் தொட்டியில் வைத்துக் காப்பது அலமாரியில் அடுக்குவது போன்றதா? இன்று வீட்டிலேயே பவளத் தொட்டி அமைப்போர் உலகெங்கும் இருக்கின்றனர். அவர்கள் படும் பாட்டைப் பாருங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். வெப்பம் 24 முதல் 27 பாகை வரை நிற்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிக்கு ஒளி வேண்டும். கூடு வளர வளரக் குறையும் சுண்ணாம்புச் சத்தை ஈடுசெய்ய வேண்டும். கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் காத்திருந்த பின்னரே எவ்வுயிரையும் விடலாம். ஒன்று தவறினாலும் பவளம் வெளுத்துவிடும். அளவுகோல் இங்கும் உண்டு. ஆனால் அது உயிருக்குத் தொண்டு செய்கிறது. இக்காரணத்தால்தான் ஏழு தொகுதிகளைவிட அந்தக் கண்ணாடித் தொட்டிகளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

தர்ஸ்டன் 1935-இல் இங்கிலாந்தில் காலமானார். திருக்கை இனமொன்று அவர் பெயரைத் தாங்கி இன்றும் கடலில் உலவுகிறது. அவர் ஆராய்ந்த தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைப் பெயர்த்தெடுப்பது குற்றம்.

விடுமுறையில் இராமேசுவரம் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரையில் யாரேனும் வெண்பவளத் துண்டை விற்க வந்தால் வாங்காதீர்கள். விடுதி மேசைக்கு அஃது அழகாயிருக்கலாம். ஆனால் இன்று அதை வாங்குவோர் இருந்தால், நாளை இன்னொன்றைப் பெயர்க்கக் கடலுக்குள் ஒருவர் இறங்குவார்.