சேய்ஞலூர் மாணி

சோழ மன்னர் முடிசூடிக்கொள்ளும் உரிமை பெற்ற பதிகள் ஐந்து என்றும், அவற்றுள் ஒன்று சேய்ஞலூர் என்றும் சேக்கிழார் பெருமான் குறிப்பிடுவார். மண்ணியாற்றங்கரையில் உள்ள அவ்வூர் இன்று சேங்கனூர் என வழங்குகிறது. சேயாகிய முருகன் சிவபிரானை வழிபட்ட நல்லூர் ஆதலின் அப்பெயர் பெற்றது என்பர். அந்தணர் நிறைந்த அவ்வூரில், காசிப கோத்திரத்து எச்சதத்தனுக்கும் அவன் மனைவி பவித்திரைக்கும் மகனாகத் தோன்றியவர் விசாரசருமர். சண்டேசுவரர் என இன்று சிவாலயம்தோறும் தனிக்கோயில் கொண்டிருப்பவர் அவரே.

ஐந்து வயதிலேயே மறைப்பொருள் அவருக்கு இயல்பாக விளங்கிற்று. ஏழாம் ஆண்டில் உபநயனம் நிகழ்ந்தது. ஓதுவிக்க வந்த ஆசிரியர்கள், தாம் சொல்லும் முன்னரே பொருளுணரும் மாணவரைக் கண்டு வியந்தனர். அடியார் வரலாறுகளில் இவ்வாறு வருவது வழக்கமே. அதற்குப் பின் தெருவில் நிகழ்ந்ததே விசாரசருமரின் வாழ்வைத் திருப்பியது.

உடன் ஓதும் பிள்ளைகளோடு அவர் சென்றபோது, ஊர்ப் பசுநிரையும் வழியில் வந்தது. அண்மையில் கன்றீன்ற பசு ஒன்று மேய்ப்பவனை முட்ட முயன்றது. அவன் கோலால் அதனை அடித்தான். அதனைப் பொறாத சிறுவர், ஆனினத்தின் பெருமையை அவனுக்கு எடுத்துரைத்து, இனி இந்நிரையைத் தாமே மேய்ப்பதாகச் சொல்லி, உரியவர்களாகிய அந்தணர்களின் இசைவும் பெற்றார். மறையோதும் மாணி மாடு மேய்க்கப் புகுந்ததை ஊரார் தடுத்ததாகப் புராணத்தில் இல்லை. தடுக்கக் காரணமும் இல்லை. நல்ல புல்லும் நீரும் நிழலும் கண்ட பசுக்கள் கொழுத்துப் பால் பெருகின.

கன்றை விட்டுப் பிரிந்தாலும் பிரியாது, இச்சிறுவரைப் பிரிய மாட்டாமல் நின்ற பசுக்கள், இவர் அருகில் வந்தபோது கறப்பார் இன்றியே பால் பொழிந்தன. வீணே மண்ணில் வீழும் அப்பால் இறைவனுக்குரிய திருமஞ்சனம் ஆகுமே என்று அவருக்குத் தோன்றியது. மண்ணியாற்று மணல்மேட்டில், ஓர் ஆத்தி மரத்தின் கீழ், மணலால் சிவலிங்கம் அமைத்தார். கோபுரமும் மதிலும் மணலாலேயே எழுந்தன. புதிய குடங்கள் கொண்டுவந்து, ஒவ்வொரு பசுவிடமும் சிறிது சிறிதாகப் பால் பெற்று நீராட்டினார்; கிடைத்த மலர்களைப் பறித்துச் சூட்டினார். சிறுவர் மணல்வீடு கட்டி விளையாடுவது போன்றதே இதுவும். விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் இடையே கோடு கிழிக்கத் தெரியாத பருவம் அது.

அந்தப் பால் யாருடையது? கதையின் சிக்கல் எல்லாம் இவ்வொரு வினாவில் அடங்கியுள்ளது. பசுக்கள் ஊராருடையவை, சிறுவர் மேய்ப்பவர் மட்டுமே. இதனை உணர்ந்தே சேக்கிழார், ஆற்றங்கரையில் இவ்வளவு பால் சொரிந்தபின்னும் வீடுகளில் கறக்கும் பால் குறையவில்லை என்பதனை மறவாது சொல்கிறார். ஒருவருக்கும் இழப்பு இல்லை. ஆயினும் ஒருவரையும் அவர் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டும் என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. கொடுக்கும் பொருள் தமதா பிறரதா என்ற எண்ணம் அவ்வுள்ளத்தில் எழவில்லை.

தற்செயலாக அவ்வழியே சென்ற ஒருவன், பால் மணலில் கொட்டப்படுவதை மட்டும் கண்டான். ஊரில் வந்து உரைத்தான். உரியவர்கள் தம் வீட்டுப் பாற்குடங்களை அளந்து பார்த்தார்களா என்பதற்குக் குறிப்பு இல்லை. சினந்தார்கள் என்பதற்கு உண்டு. சபை கூடியது, எச்சதத்தன் அழைக்கப்பட்டான்.

இத்தந்தையைக் கொடியவன் என்று ஒதுக்கிவிடுவது எளிது. சேக்கிழார் அவ்வாறு செய்யவில்லை. மணியையும் தந்து நஞ்சையும் தரும் பாம்பு போல, நல்வினை தீவினை இரண்டிற்கும் ஓர் உருவானவன் என்றே அவனை அறிமுகம் செய்கிறார். சபையில் அவன் மகனுக்காக வாதாடவில்லை. தனக்கு இது தெரியாது என்றும், பொறுத்தருள வேண்டும் என்றும், மீண்டும் நிகழுமாயின் அக்குற்றம் தன்னுடையதே என்றும் சொல்லி வணங்கினான். ஊர்ச்சபையின் முன் தலைகுனிவது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களை மட்டுமன்றி அவர்தம் உறவினரையும் வாரியத் தேர்தலிலிருந்து விலக்குகிறது. ஒருவர் குற்றம் குடும்பத்தையே தொடரும் உலகம் அது. எச்சதத்தனின் அச்சத்தை அவ்வுலகில் வைத்தே காணவேண்டும்.

அன்றிரவு அவன் மகனிடம் ஒரு வார்த்தையேனும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பவித்திரைக்கு ஊர்ச்செய்தி எட்டியதா என்பதும் தெரியவில்லை. மகனைப் பெற்றதோடு அத்தாய் கதையிலிருந்து மறைந்துவிடுகிறாள். விடிந்ததும் மகன் நிரையோடு செல்ல, தந்தை மறைந்து பின்தொடர்ந்து, ஒரு குரா மரத்தில் ஏறி ஒளிந்திருந்தான். வழக்கம்போல் மணற்கோயில் எழுந்தது, பால் சொரியப்பட்டது. கேட்டது மெய் எனக் கண்டவன் இறங்கி ஓடிவந்து, மகன் முதுகில் கோலால் அடித்துக் கொடுஞ்சொல் கூறினான். வழிபாட்டில் ஒன்றிய பிள்ளைக்கு அடி உறைக்கவில்லை. மேலும் அடித்தான், பயனில்லை. சினம் முற்றிப் பாற்குடத்தைக் காலால் இடறிச் சிந்தினான்.

அப்போதுதான் விசாரசருமர் நிமிர்ந்து பார்த்தார். இடறியவர் தந்தை என்று அறிந்தே, முன்கிடந்த கோலை எடுத்தார். அது மழுவாயிற்று. தந்தையின் தாள்கள் துணிந்தன. சிறுவர் மீண்டும் வழிபாட்டில் அமர்ந்தார். பசுவை அடித்த கோலைப் பொறாத அதே பிள்ளையின் கையில்தான் இதுவும் நிகழ்ந்தது.

இவ்விடத்தைக் கடந்து செல்வது எந்தக் காலத்துப் படிப்பவர்க்கும் எளிதன்று. சம்பந்தரும் சுந்தரரும் இதனைப் பாடியுள்ளனர். மாணிக்கவாசகரோ பாதகச் செயலே பேறாக முடிந்த விந்தையைத் திருத்தோணோக்கத்தில் எண்ணி வியக்கிறார். அது பாதகம் என்பதை அவர் மறைக்கவில்லை. விடைமேல் உமையோடு தோன்றிய இறைவன், வீழ்ந்துபட்ட தந்தைக்கு மாற்றாக இனித் தாமே தந்தை என்று பிள்ளையை அணைத்துக்கொண்டதாகப் புராணம் சொல்கிறது. தாம் உண்ட கலமும் உடுப்பனவும் சூடுவனவும் அவருக்கே உரிமையாக்கி, தொண்டர்க்குத் தலைமையாம் சண்டீசப் பதம் தந்து, தம் முடியிலிருந்த கொன்றை மாலையைச் சூட்டினார். எச்சதத்தனும் பிழை நீங்கிச் சுற்றத்தோடு சிவலோகம் சேர்ந்தான். விசாரசருமர் வரலாறு இவ்வளவே.

சண்டேசுவரர் வரலாறோ அதன்பின்னும் நீள்கிறது. சோழர் காலத்தில் கோயில் நிலம் விற்கப்பட்டாலும் வாங்கப்பட்டாலும் ஆவணம் ஆதிசண்டேசுவரர் பெயரிலேயே எழுதப்பட்டது. இறைவனின் பொருளை ஆளும் முதல் தொண்டர் அவர் என்பது கருத்து. முதலாம் இராசராசன் 1010-இல் நிறைவுசெய்த தஞ்சைப் பெரிய கோயிலில் அவருக்கு வடபுறம் தனிக்கோயில் உள்ளது. அக்கோயில் கல்வெட்டுகளைப் படிப்போர் ஒரு புதுமையைக் காணலாம். பல ஊர்களின் பிராமண சபைகள் சண்டேசுவரரிடம் காசு கடன் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டி செலுத்த ஒப்புக்கொள்கின்றன. அளவும் தவணையும் தவறாது கல்லில் வெட்டப்பட்டுள்ளன. விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளும், விளக்கு ஒன்றுக்கு 96 என, எண்ணி எழுதப்பட்டுள்ளன. பிறர் பாலைக் கேளாது எடுத்தார் என்று ஒரு சபை யார்மீது குற்றம் சுமத்தியதோ, அவர் முன்னே பிற்காலச் சபைகள் கடனாளிகளாக நின்றன.

இன்றும் சண்டேசுவரர் சன்னதியில் கைகளைத் தட்டிக் காட்டிவிட்டுச் செல்வோர் உண்டு. கோயிற் பொருள் எதனையும் எடுத்துச் செல்லவில்லை என அவரிடம் கணக்குக் காட்டுவதாக மக்கள் சொல்வர். ஆடை நூலைப் பிரித்து அவர்மேல் இடும் வழக்கமும் சில இடங்களில் இருந்தது.

இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வடக்கு வாயிலருகே, இக்காட்சி பெரிய சிற்பமாக உள்ளது. உமை அருகிருக்க, அமர்ந்த பெருமான் தம் இரு கைகளாலும் மாலையைப் பிள்ளையின் தலையில் சுற்றுகிறார். கங்கை வரை வென்ற மன்னன் தனக்குக் கிடைத்த முடியையே இதில் உணர்த்தினான் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். மன்னன் எண்ணம் எதுவாயினும், சிற்பி செதுக்கியது ஒரு சிறுவனைத்தான். கைகூப்பித் தலைதாழ்த்திய அவன் முகத்தில் வெற்றியின் செருக்கு இல்லை.