சபையில் வினாத் தொடுத்த சைவப் பெரியார் சேர் பொன்னம்பலம் இராமநாதன்

கொழும்புக்குப் போகும் நம்மூர் அடியார்களில் கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைத் தரிசியாமல் திரும்புவோர் குறைவு. தகப்பனார் பொன்னம்பல முதலியார் அமைத்த அக்கோயிலை 1907ஆம் ஆண்டு தொடங்கி 1912 வரை கருங்கற்றிருப்பணியாக எடுப்பித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென 1913இல் இராமநாதன் கல்லூரியையும், திருநெல்வேலியில் 1921இல் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவியவரும் அவரே. அந்தப் பரமேசுவராக் கல்லூரி வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் ஆரம்பமாயிற்று. இவையெல்லாம் மலர்களிலும் மேடைகளிலும் பல தடவை சொல்லப்பட்டவை. ஆனால் சட்டநிரூபண சபையிலே எழுந்து நின்று ஆங்கில அரசாங்கத்தைக் கேள்வி கேட்ட இராமநாதனை இளந்தலைமுறையினர் அவ்வளவாக அறியார். அதுபற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

அன்னார் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி பிறந்தார். கொழும்பிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்று அப்புக்காத்தானார். தாய்மாமனாரான சேர் முத்துக்குமாரசுவாமி 1879இல் காலமானபோது சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி ஸ்தானம் வெற்றிடமாயிற்று. அக்காலத்தில் வாக்கெடுப்பு என்பது கிடையாது. தேசாதிபதி யாரை நியமிக்கின்றாரோ அவரே அங்கத்தவர். அந்த இடத்துக்கு 28 வயது வாலிபனான இராமநாதனே தகுதியானவர் என்று யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூட்டி ஆதரவு தேடியவர் நம் ஆறுமுக நாவலர் பெருமான். அந்த ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே நாவலர் சிவபதம் அடைந்துவிட்டார். ஆகவே அவர் ஈடுபட்ட கடைசிப் பொதுக்காரியங்களில் இதுவும் ஒன்று எனலாம்.

அந்தச் சபை எப்படிப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். தலைமை தாங்குபவர் தேசாதிபதி. அவரோடு அரசாங்க உத்தியோகத்தர்கள் ஒன்பது பேர். உத்தியோகப்பற்றற்றவர்கள் ஆறு பேர் மாத்திரமே; அவர்களிலும் மூவர் ஐரோப்பியர். உத்தியோகத்தர்கள் தேசாதிபதியின் விருப்பப்படியே கையுயர்த்துவர். எனவே ஒரு தமிழர் எவ்வளவு நியாயம் பேசினாலும் வாக்கில் வெல்வதற்கு வழியில்லை. அவர் கையில் இருந்தது கேள்வி ஒன்றுதான்.

கேள்விதானே என்று சிலர் நினைக்கக்கூடும். நான் கச்சேரியில் லிகிதராக வேலை செய்தவன். பாராளுமன்றத்தில் கேட்கப்பட்ட வினாவுக்கு மறுமொழி அனுப்பும்படி கடிதம் வந்தால், வருடக்கணக்காக அசையாத கோவையும் அன்று மேசைக்கு வரும். யார் எப்போது என்ன எழுதினார், ஏன் தாமதம் என்று மேலதிகாரி வரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கேட்டவர் வெல்லாவிட்டாலும் சொன்ன பதில் எழுத்தில் நின்றுவிடும். இராமநாதன் இதை நன்கு அறிந்திருந்தார்.

முதற்காலப் பகுதியில் 13 ஆண்டுகள் சபையிலிருந்த அவர் தமிழருக்காக மட்டும் பேசியவரல்லர். வெசாக் தினம் பௌத்தர்களுக்கு அரசாங்க விடுமுறையாக வேண்டும் என்று ஒல்கொட் முதலியோர் முயன்றபோது அவர்களுக்குத் துணை நின்றார். 1885இல் அவ்விடுமுறை கிடைத்தது. பின்னர் 1892இல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை ஏற்று அரசாங்கத்தின் பக்கத்துக்கே சென்றார். 1906இல் இளைப்பாறினார். அரசாங்கத்தை உள்ளிருந்து பார்த்த அந்தப் பதினான்கு வருட அனுபவம் பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

படித்த இலங்கையருக்கென ஒரேயொரு தெரிவு ஸ்தானம் உருவாக்கப்பட்டபோது, 1911 டிசம்பரில் நடந்த தேர்தலில் சேர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்று மீண்டும் சபைக்கு வந்தார். வாக்காளர் தொகை நாடு முழுவதிலும் சுமார் 3000 தான். அதிற் சிங்கள வாக்காளர் பலர் ஒரு தமிழருக்கு வாக்களித்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த வாக்குக்கு அவர் கைம்மாறு செய்யும் காலம் 1915இல் வந்தது. அவ்வாண்டு மே 28ஆம் திகதி வெசாக் இரவு, கண்டியிலே பள்ளிவாசல் ஒன்றின் முன்பாக ஊர்வலம் சென்றது சம்பந்தமாக மூண்ட சச்சரவு, சில தினங்களில் பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொலையுண்டனர். 4000க்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. இது சிறிய கொடுமையன்று. ஜூன் 2ஆம் திகதி தேசாதிபதி சேர் றொபேட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் சில நாட்களில் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. நீதிமன்றங்கள் திறந்திருக்கவே, இராணுவ மன்றங்களில் மக்கள் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். கிராமங்களில் விசாரணையின்றியே சிலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் செல்வந்த வாலிபன் ஜூலை 7ஆம் திகதி சுடப்பட்டு இறந்தான். டீ. எஸ். சேனநாயக்கா, எப். ஆர். சேனநாயக்கா, டீ. பீ. ஜயதிலக்கா போன்ற சிங்களத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். வாய் திறக்கவே நாடு அஞ்சியது.

அப்போது இராமநாதனுக்கு வயது 64. அரசாங்கத்தின் ஓய்வூதியகாரர். யுத்தகாலம் வேறு, அரசாங்கத்தைக் குறை கூறினால் இராஜத் துரோகம் எனப்படும் வேளை. தமிழருக்கு அந்தக் கலகத்தில் நேரடிச் சம்பந்தம் இல்லை. சும்மா இருந்திருக்கலாம், யாரும் பழித்திருக்க மாட்டார்கள். அவர் சபையில் எழுந்து மணிக்கணக்காகப் பேசினார். கலகம் அடங்கிய பின்னும் இராணுவச் சட்டம் எதற்கு? கைதானவர்களைச் சாதாரண நீதிமன்றத்தில் ஏன் நிறுத்தவில்லை? விசாரணையின்றிச் சுட யார் அதிகாரம் கொடுத்தார்? குற்றஞ்செய்தவனையும் செய்யாதவனையும் பிரித்தறியாமல் ஊர் முழுவதிலும் நட்டஈடு அறவிடுவது எந்த நீதி? இவையே அவர் எழுப்பிய பிரச்சினைகளின் சாரம். சட்டம் படித்த, அரசாங்கத்தின் சட்டத்தரணியாகவே இருந்த ஒருவர் கேட்டபடியால் உத்தியோகத்தர்களால் அவற்றை இலேசாகத் தட்டிக்கழிக்க இயலவில்லை.

சபை வாக்கில் வெல்ல முடியாதென்று கண்டு, ஜேர்மனியரின் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்த கடலிலே இங்கிலாந்துக்குச் சென்று குடியேற்ற நாட்டுக் காரியாலயத்தில் முறையிட்டார். 1916இல் இலண்டனில் இக்கலகமும் இராணுவச் சட்டமும் பற்றிய நூலொன்றையும் வெளியிட்டார். சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்து வந்த தேசாதிபதி சேர் ஜோன் அண்டர்சன் காலத்தில் விசாரணைகள் நடைபெற்று, சில சூடுகள் நியாயமற்றவை எனக் காணப்பட்டன. இராமநாதன் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்ற வரலாறு பிரசித்தமானது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். வீடுவாசல் இழந்த முஸ்லிம் சகோதரர்கள், தங்கள் துயர் அவர் பேச்சில் போதிய அளவு இடம்பெறவில்லையென்று மனவருத்தம் கொண்டார்கள். அந்த வருத்தம் காரணமற்றதன்று என்பதே எனது அபிப்பிராயமும். அரசாங்கத்தின் அநீதியைக் காட்டிய வேகத்தில் கலகக்காரரின் அநீதி அவர் பேச்சில் மங்கிப்போயிற்று.

இன்னொரு விடயமும் உண்டு. டொனமூர் ஆணைக்குழு ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கொடுக்கச் சிபாரிசு செய்தபோது இராமநாதன் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அத்திட்டத்தில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பில்லை என்று அவர் எச்சரித்தது பிற்காலத்தில் எவ்வளவு மெய்யாயிற்று என்பதை நாம் அனுபவித்து அறிந்தோம். ஆனால் ஏழைக்கும் படியாதவர்க்கும் பெண்களுக்கும் வாக்கு வேண்டாம் என்றது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. பெண்கல்விக்குக் கல்லூரி கட்டியவரே அப்படிச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத புதிர். நம் கோயில் நிருவாக சபையை இன்று எல்லோருமாகத் தெரிவு செய்கின்றோமே, அம்முறையை அவர் ஒப்பியிருப்பாரோ தெரியாது.

1929 டிசம்பரில் டொனமூர்த் திட்டம் 19க்கு 17 என்ற வாக்கில் சபையில் நிறைவேறியது. அப்போதும் அவர் சபையிலே வட மாகாணத்தின் தெரிவான பிரதிநிதியாக இருந்து எதிர்த்தே வாக்களித்தார். தமது 79ஆவது வயதில், 1930 நவம்பர் 26ஆம் திகதி, அங்கத்தவராக இருக்கும்போதே இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டு அந்தச் சட்டநிரூபண சபையும் மறைந்து அரசாங்க சபை பிறந்தது. பூரண சுயராச்சியம் கிடைக்கவில்லையென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்காரம் செய்தபடியால் 1931இல் யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளுக்கும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. இராமநாதன் அத்தனை காலம் எழுந்து நின்று கேட்ட சபைக்குப் பதிலாக வந்த சபையில், யாழ்ப்பாணத்தாரின் அந்த நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன.