மீசை முளைத்த தாய்

தொழிலில் பெயரும் பொருளும் ஈட்டிவந்த வழக்கறிஞர் ஒருவர், அதனைத் துறந்து மழலையர் நடுவே போய் அமர்ந்தார். அவரை அங்கு ஈர்த்துச் சென்றது அவர்தம் வீட்டுத் தொட்டிற் குழந்தையே. குஜராத்தியர் ‘மீசை முளைத்த தாய்’ என்று அன்புடன் அழைத்த கிஜுபாய் பதேகாவின் வரலாறு இது.

1885இல் சௌராஷ்டிரத்துச் சித்தல் என்னும் ஊரில் பிறந்த கிஜுபாய், இளமையில் கிழக்காப்பிரிக்கா சென்று மீண்டு, பம்பாயில் சட்டம் பயின்றார். 1913இல் மகன் நரேந்திரன் பிறந்தான். இவனை எவ்வாறு வளர்ப்பது, எப்பள்ளிக்கு அனுப்புவது என்னும் கவலை தந்தையைப் பற்றிக்கொண்டது. பிரம்பையே நம்பியிருந்த அந்நாளைய பள்ளிகள் அவருக்கு உவப்பளிக்கவில்லை. சட்டம் பயின்றவர் ஐயம் எழுந்தால் நூலைத்தானே நாடுவர்! மரியா மாண்டிசோரியின் கல்விமுறை பற்றிய நூல்களை ஆழ்ந்து கற்றார். மகன் பள்ளி செல்லுமுன் தந்தை மாணவரானார்.

1916இல் பாவநகரில் தட்சிணாமூர்த்தி கல்வி நிறுவனத்தில் இணைந்தார். 1920இல் அங்கே பாலமந்திர் என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். கதை, பாட்டு, நாடகம், தோட்டவேலை, கைத்தொழில் ஆகியவையே அங்குப் பாடங்கள். அடியும் இல்லை, அச்சமும் இல்லை. ஆயினும் பள்ளியில் மலர்ந்த பிள்ளை, வீடு திரும்பியதும் அதட்டலுக்கு ஆளானால் யாது பயன்? எனவே அவர் எழுதிக் குவித்த நூல்களுட் பல பெற்றோரை நோக்கியவை. பெற்றோராதல் எளிதன்று எனப் பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூல் இயற்றினார்.

அவர்தம் புகழ்பெற்ற படைப்பு, தமிழிலும் ‘பகல் கனவு’ எனப் பெயர்பெற்று வந்துள்ள கதைநூல். அதில் இலட்சுமிராம் என்னும் ஆசிரியர், கல்வியதிகாரியிடம் ஓராண்டு இசைவு பெற்று, நான்காம் வகுப்பில் புதுமுறைகளைச் சோதித்துப் பார்க்கிறார். முதல்நாளே அவர் திட்டம் குலைந்துபோகிறது. மறுநாள் கதைசொல்லத் தொடங்கியதும் வகுப்பு அடங்குகிறது. பிள்ளைகளின் தூய்மை குறித்துப் பேசப் பெற்றோரை அழைக்கிறார். வந்தவரோ மிகச் சிலர். ஆசிரியர் சோர்ந்துவிடவில்லை. சீப்பையும் கண்ணாடியையும் வகுப்பறைக்கே வருவித்துத் தூய்மையை அன்றாடச் செயலாக்குகிறார். தம் கொள்கையின் தோல்வியையும் மறையாது எழுதிய இப்பகுதியே நூலின் உயிர்நாடி என்பது எம் கருத்து. பெற்றோர் கூட்டம் கூட்டிப் பார்த்த ஆசிரியர் எவரும் இதனை நன்குணர்வர்.

1930இல் உப்பு அறப்போர் மூண்டபோது, வீடுவாசல் விட்டு வெளியேறிய உழவர் முகாம்களில் தொண்டாற்றினார். 1939இல் பம்பாயில் காலமானார். அப்போது அகவை 53.

பாவநகரில் அவரோடு உழைத்த தாராபாய் மோடக், மராட்டியக் கடலோரப் பகுதியில் அப்பணியைத் தொடர்ந்தார். பழங்குடிச் சிறார் பள்ளிக்கு வாராமை கண்டு, பள்ளியையே அவர்தம் குடியிருப்பு முற்றத்திற்குக் கொண்டு சென்றார். அன்னையர் நெல் புடைக்கும் அம்முற்றத்திற்கு மராட்டியில் ‘அங்கண்’ என்று பெயர். அங்கு எழுந்த குழந்தைகள் சோலையே அங்கன்வாடி ஆயிற்று.