அஞ்சனத்தை அமுதாக்கியவர்

வாழப் பிறந்தவர் பலர். பிறரை வாழவைக்கப் பிறந்தவர் சிலர். அச்சிலருள் ஒருவர் வங்கம் தந்த டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. இராமனையும் ஜகதீச சந்திர போஸையும் அறிந்த அளவுக்கு இவரை நம்மில் பலர் அறியோம். நஞ்சென்று அஞ்சிய ஓர் உலோகத்தை, உடலுக்குள் சென்று தன் வேலையை முடித்துவிட்டு வெளியேறிவிடும் மருந்தாக மாற்றிய பெருந்தகை அவர்.

1873-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் பீகாரில் உள்ள ஜமால்பூரில் உபேந்திரநாதர் பிறந்தார். தந்தை நீலமணி பிரம்மச்சாரி அங்கே ரயில்வே மருத்துவர். மைந்தருக்கோ கணிதத்திலே காதல். ஹூக்ளிக் கல்லூரியில் 1893-இல் கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இரசாயனத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். பிறகு மருத்துவம் பயின்று, 1902-இல் எம்.டி. பட்டத்தையும், இரத்த அணுக்கள் சிதைவதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் டாக்டர் பட்டத்தையும் அடைந்தார். இரசாயனம் கற்றவர் மருத்துவரானது நாடு செய்த நற்பேறு.

அந்நாளில் அஸ்ஸாம், வங்கம், பீகார் ஆகிய பகுதிகளைக் காலா-அசார் என்னும் கருங்காய்ச்சல் சூறையாடிக் கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டு வரும், மேனி கறுக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு பானைபோல் ஆகும், உடல் எலும்புக்கூடாகும். மருத்துவம் பெறாதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். ஊர் ஊராகக் குடிகள் அழிந்தன. இந்நோயின் கிருமியை 1903-இல் இருவர் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். ஒருவர் லீஷ்மன், மற்றவர் சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டோனவன். இருவர் பெயரையும் சேர்த்தே அக்கிருமிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டனர். நம் சென்னைக்கு இந்த வரலாற்றில் இப்படி ஒரு பங்கு உண்டு.

கிருமியைக் கண்டாயிற்று, கொல்வது எப்படி? இங்கேதான் ஆண்டிமனி என்னும் உலோகம் வருகிறது. நம் பழைய வைத்திய நூல்கள் கூறும் அஞ்சனக்கல் இந்த உலோகத்தின் கனிமமே. ஐரோப்பாவில் முற்காலத்தில் இவ்வுலோகத்தை உருண்டையாக்கி விழுங்குவார்களாம். அது குடலைக் கலக்கிவிட்டு அப்படியே வெளியே வரும். கழுவி வைத்து மறுமுறையும் பயன்படுத்துவார்கள்! சிரிப்புக்குரிய செய்தியானாலும் இதில் ஓர் உண்மை உண்டு. உலோகம் உலோகமாகவே இருந்தால் குடல் அதை ஏற்பது மிகக் குறைவு. அமிலத்தோடு கூடி உப்பாகிக் கரைந்தால் கதை வேறு. திராட்சை மதுவை ஆண்டிமனிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால், மதுவின் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். குடித்தவர் வாந்தி எடுப்பார். எந்த உலோகம் என்பது மட்டுமன்று, எந்தச் சேர்க்கையில் அது இருக்கிறது என்பதே உடலுக்கு முக்கியம்.

ஆண்டிமனியின் இத்தகைய உப்பு ஒன்றை, வாந்தி உப்பு என்று சொல்லத் தக்கதை, நரம்பு வழியே செலுத்தும் முறை 1915-இல் இத்தாலியிலும் இந்தியாவிலும் காலா-அசாருக்குக் கையாளப்பட்டது. பலர் பிழைத்தனர், ஆனால் பட்ட பாடு பெரிது. ஊசி போட்டவுடன் இருமலும் வாந்தியும் வரும். மருந்து நரம்புக்கு வெளியே சிந்தினால் தசை புண்ணாகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும். சிலருடைய இதயம் தாளாமல் நின்றும் போயிற்று. நோயால் சாவதா, மருந்தால் சாவதா என்ற நிலையில் ஏழை மக்கள் மருத்துவமனையை விட்டே ஓடினர்.

1905 முதல் கல்கத்தா காம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பிரம்மச்சாரி இதைக் கண்ணால் கண்டு வருந்தினார். வேறு ஆண்டிமனி உப்புக்களைச் சோதித்தார். உலோகத்தையே மிக நுண்ணிய துகள்களாக்கி இரத்தத்தில் செலுத்தியும் பார்த்தார். கிருமிகள் குடியிருக்கும் மண்ணீரல் அணுக்களே அத்துகள்களையும் விழுங்கின. வழி சரிதான், ஆனால் அம்மருந்தைத் தயாரிப்பது அரிய வேலையாக இருந்தது. அப்போது அவருள் இருந்த இரசாயன மாணவர் விழித்துக்கொண்டார். ஆர்சனிக் என்னும் நஞ்சைக் கரிமச் சேர்மத்தோடு இணைத்து மருந்தாக்கியிருந்தனர். ஆர்சனிக் இருக்கும் இடத்தில் ஆண்டிமனியை வைத்தால் என்ன?

இந்த வினாவுக்கு விடை தேடிய இடம் காம்ப்பெல் மருத்துவமனையில் ஒரு சிற்றறை. எரிவாயு இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, மின்விளக்கும் இல்லை. பகலெல்லாம் நோயாளிகளோடும் மாணவர்களோடும் கழித்துவிட்டு, இரவில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் அவர் ஆராய்ந்தார். கருவி இல்லையே, வசதி இல்லையே என்று குறை கூறும் நாம் அந்த அறையை ஒருமுறை மனக்கண்ணால் பார்த்தல் நலம். 1920-இல் யூரியா ஸ்டிபமைன் பிறந்தது. இரண்டாண்டுகளில், அம்மருந்தால் நலம்பெற்ற நோயாளிகள் சிலரைப் பற்றிய விவரம் வெளிவந்தது. மாதங்கள் வாரங்களாகச் சுருங்கின. அஸ்ஸாமில் அம்மருந்து பெருவாரியாகக் கையாளப்பட்டது. சாவின் பிடி தளர்ந்தது.

புதிய மருந்து ஏன் உடலைத் தாக்கவில்லை? பிற்கால ஆராய்ச்சி இதனை விளக்குகிறது. பழைய உப்பில் ஆண்டிமனி மூன்று இணைதிறனோடு இருக்கிறது. அது இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே எளிதில் வெளியேறாது. கல்லீரலில் தங்கி, பித்தத்தோடும் மலத்தோடும் சிறிது சிறிதாகவே கழியும். அடுத்த ஊசி வருமுன் பழையது தீராமல் மிச்சம் நிற்கும். ஐந்து இணைதிறனுடைய ஆண்டிமனியோ இரத்த நீரிலேயே மிதந்து, சிறுநீரகத்தை அடைந்து, ஒரு நாளுக்குள் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். எஞ்சிய சிறு பகுதி கிருமி வாழும் அணுவுக்குள் மூன்று இணைதிறனாக மாறிக் கிருமியின் உயிர்நாடியை அறுக்கிறது. மருந்தின் வெற்றி அது உள்ளே செல்வதில் பாதி என்றால், வெளியே போவதில் மறு பாதி.

வெற்றியில் மயங்கி அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நலமடைந்தவர் சிலருடைய தோலில் பிறகு முடிச்சுகள் தோன்றுவதைக் கண்டார். அவற்றுள் கிருமி இருந்தது. தம் மருந்துக்குத் தப்பிய பகைவனைத் தாமே காட்டிக்கொடுத்து, 1922-இல் அதை உலகுக்கு அறிவித்தார். விஞ்ஞானிக்கு அழகு இதுவன்றோ?

1934-இல் சர் பட்டம் வந்தது. 1936-இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரசின் தலைமை வந்தது. 1929-இல் நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டார், பரிசு வரவில்லை. 1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் மறைந்தார்.

ஆண்டிமனியின் அரசாட்சியும் நிலைக்கவில்லை. அவர் பிறந்த பீகாரிலேயே கிருமிகள் அதற்குப் பழகிக்கொண்டன. 1990-களில் பலருக்கு அது பயன்படாமற் போயிற்று. நிலத்தடி நீரில் கலந்த ஆர்சனிக்கும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இன்று வேறு மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் ஒரு மருந்து ஓய்வு பெறுவதால் அதைத் தந்தவர் புகழ் ஓய்வு பெறுவதில்லை. இடைக்காலத்தில் பிழைத்தவர்களின் மக்களும் பேரர்களும் இன்று நம்மோடு வாழ்கிறார்கள்.

நண்பர்களே! தாயகம் விட்டு வந்து பயிலும் நம் கைகளில் நல்ல ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன; இரவில் எரிய மின்விளக்கும் இருக்கிறது. அந்த மண்ணெண்ணெய் விளக்கருகே இருந்த பரிவும் பொறுமையும் நம்மிடம் உண்டா என்பதே கேள்வி.