வால்வெள்ளியின் வழி கண்ட ஹலி

வால்வெள்ளி என்றவுடன், வானிலே சீறிப் பாய்ந்து மறையும் எரிநட்சத்திரத்தையே நம்மிற் பலர் எண்ணிக்கொள்கின்றனர். அது வேறு, இது வேறு. எரிநட்சத்திரம் கண்ணிமைப்பொழுதில் ஒழிந்துபோவது. வால்வெள்ளியோ ஏனைய விண்மீன்களுடன் கூடிக் கிழக்கே எழுந்து மேற்கே சாயும். அவற்றிடையே அசையாது தொங்குவது போலவே தோன்றும். பக்கத்திலுள்ள விண்மீன்களைக் குறித்து வைத்து, மறுநாள் அதே வேளையிற் பார்த்தாலன்றோ அது இடம் பெயர்ந்தமை புலனாகும்! கையை நீட்டிப் பிடித்து அளந்தால் சில நாளில் விரலகலம். பூமிக்கு மிக அருகே வருமாயின் ஒரு சாணும் நகரும். கோள்கள் இராசிமண்டலத்தை விட்டு விலகாதிருக்க, இது மட்டும் நினைத்த திசையிற் செல்வது போலத் தெரியும். வாலும் எப்பொழுதும் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமாகவே நீண்டிருக்கும். ஆதலால் ஞாயிற்றை அணுகுங்கால் பின்னே வந்த வால், சுற்றி மீளுங்கால் முன்னே செல்லும்.

இப்போக்கைக் கண்டே, அரசர்க்குக் கேடு சூழும் தூமகேது என்று கீழைநாட்டாரும் மேனாட்டாரும் ஒருங்கே அஞ்சினர். இதனுள்ளும் ஒரு கணக்கு உண்டென்று கண்டு, அக்கணக்கின் மீது தமது பெயரையே பணயம் வைத்தவர் எட்மண்ட் ஹலி என்பார்.

இவர் 1656ஆம் ஆண்டு இலண்டனுக்கு அண்மையிற் பிறந்தார். சவர்க்காரத் தொழிலாற் செல்வந்தரான தந்தையார், மகனுக்கு வேண்டிய வானியற் கருவிகளை வாங்கிக் கொடுக்கத் தயங்கினாரல்லர். ஹலி ஒக்ஸ்போட் படிப்பை இடையில் விட்டு, இருபது வயதிலே கப்பலேறிச் சென் ஹெலேனாத் தீவை அடைந்து, தென்வானத்து விண்மீன்கள் 341இன் இடங்களை அளந்து திரும்பினார். பட்டம் பின்னர் அரச ஆணையால் வந்தது.

1680இன் இறுதியிற் பிரான்சிலே பிரயாணஞ் செய்தபொழுது மாபெரும் வால்வெள்ளியொன்றைக் கண்டார். இரவுதோறும் நின்ற இடங்களை இணைக்கும் வழி எதுவென்று எவ்வளவு முயன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. கெப்ளர் போன்ற பேரறிஞரே வால்வெள்ளிகள் நேர்கோட்டிற் செல்வன என்று கருதியிருந்த காலம் அது. 1682இல் இன்னொன்று வந்தது. முன்னையது போல் அத்துணைப் பெரிதன்று. அவ்வாண்டு திருமணஞ் செய்திருந்த ஹலி, இஸ்லிங்டனிலிருந்து அதன் இடங்களையுங் குறித்துக்கொண்டார். அக்குறிப்பின் பெறுமதியை அன்று அவரே அறியார்.

1684இல் நியூற்றனைக் காணக் கேம்பிரிட்ஜ் சென்றார். தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக ஞாயிற்றின் ஈர்ப்புக் குறையுமாயின், கோளின் வழி எவ்வுருவினது என்பதே அவர் கேள்வி. நீள்வட்டம் என உடனே விடை கிடைத்தது. ஆனாற் கணக்கு எழுதிய தாள் அகப்படவில்லை. மீண்டும் எழுதித் தருமாறு ஹலி விடாது தூண்டியதன் பயனே 1687இல் வெளிவந்த பிரின்சிப்பியா என்னும் பெருநூல். றோயல் சங்கம் மீன்களைப் பற்றிய நூலொன்றை அச்சிட்டுப் பணத்தைக் கரைத்திருந்தமையால், அச்சுச் செலவையும் ஹலியே ஏற்றார். சங்கமோ அவர் சம்பளத்துக்கு விற்பனையாகாத மீன் நூற் பிரதிகளைக் கொடுத்தது! பொதுப்பணி செய்வார்க்குச் சன்மானம் எக்காலத்தும் இப்படித்தான் போலும்.

பின்னர் பழைய குறிப்புகளைத் திரட்டி 24 வால்வெள்ளிகளின் வழிகளைக் கணித்தார். இலகுவான வேலையன்று. ஓடும் புகையிரதத்திலிருந்து பறவையைப் பார்ப்பவனுக்குப் பறவையின் வேகத்துடன் வண்டியின் வேகமும் கலந்தே தோன்றுமல்லவா? அவ்வாறே, நகரும் பூமியிலிருந்து நாம் காணும் வழியிற் பூமியின் ஓட்டமும் கலந்திருக்கும். அதனைக் கழித்தாலே உண்மை வழி வெளிப்படும். 1531இல் அப்பியானும் 1607இற் கெப்ளரும் 1682இற் தாமுங் கண்ட மூன்றும் வானிலே வெவ்வேறு வழிகளிற் சென்றவை. கழித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே சாய்வு. ஞாயிற்றை ஒரே தூரத்தில் அணுகின. மூன்றும் கோள்களுக்கு எதிர்த்திசையிற் சுற்றின. வந்தது ஒன்றே!

ஓர் இடர் இருந்தது. முதல் இடைவெளி 76 ஆண்டுக்குச் சற்று மேல். அடுத்தது 75க்குங் குறைவு. வியாழன் முதலிய பெருங்கோள்களின் ஈர்ப்பே காரணமெனத் துணிந்து, 1758இல் மீளும் என்று 1705இல் எழுதி வெளியிட்டார். பிற்பாடு, அவ்வாண்டின் முடிவோ 1759இன் தொடக்கமோ எனத் திருத்தினார். முதலில் எழுதும்போது அவருக்கு வயது 48. மெய்யானாலும் பொய்யானாலும் பார்க்கத் தாம் இரார் என்பது அவருக்குத் தெரியும். அப்படி மீண்டால், அதனை முன்னுரைத்தவன் ஓர் ஆங்கிலேயன் என்பதைப் பின்வருவோர் மறவாதிருக்க வேண்டுமென்பது மட்டுமே அவர் விருப்பம். 1720இல் அரச வானியலாளரானார். அறுபது கடந்த வயதிலே, 18 ஆண்டு பிடிக்கும் சந்திர அளவையொன்றைத் தொடங்கி முடித்தும் விட்டார்! 1742 சனவரியில், 85ஆம் வயதிற் காலமானார்.

1758 வந்தது. பாரிசிலே கிளேரோ, லலாந்து, லெப்போத் அம்மையார் மூவரும் மாதக்கணக்காகக் கணித்து, வியாழனும் சனியும் தாமதப்படுத்துவதால் 1759 ஏப்பிரல் நடுவிலேயே அது ஞாயிற்றை நெருங்கும் என்றனர். ஒரு மாதம் வரை பிழைக்கலாம் என்றுங் கூறினர். ஆண்டு முடியப் போகின்றது; வானில் ஒன்றையுங் காணோம். டிசம்பர் 25ஆம் நாள் இரவு, செர்மனியிலே திரெஸ்டன் நகருக்கு அண்மையில் பாலிட்ஷ் என்னும் கமக்காரர் தமது தொலைநோக்கியில் மங்கிய புகை போன்ற ஒன்றைக் கண்டார். அதுவே அது. 1759 மார்ச் 13இல் ஞாயிற்றை நெருங்கியது. ஹலி மறைந்து பதினேழு ஆண்டுகளாகியிருந்தன.

1835, 1910, 1986 ஆகிய ஆண்டுகளிலும் ஹலியின் வால்வெள்ளி தவறாது வந்தது. அடுத்து 2061இன் நடுப்பகுதியில் வரும். இம்மலரை வாசிக்கும் இளைஞர் அப்பொழுது சங்கத்தின் மூத்தோர் வரிசையில் அமர்ந்திருப்பர்.